நேரில் போய்ப் பார்க்கிற வேலை

அவர் பையில் எப்போதும் இரண்டு மூன்று புதுக் கைக்குட்டைகள் கிடக்கும். விலைச் சீட்டைக்கூடக் கிழித்திருக்க மாட்டார். குழாய்க்குப் போடுகிற வாஷர், தலைக்கு மாட்டுகிற கிளிப், யாருடைய போனுக்கும் பொருந்தாத ஒரு மொபைல் கவர் என்று இன்னும் என்னென்னவோ இருக்கும். எதுவும் அவருக்குத் தேவைப்பட்டு வாங்கியதில்லை. கடையில் வேலை பார்க்கிற பிள்ளைகளோடு சும்மா நின்று பேசினால் முதலாளி முறைப்பார். வாங்க வந்தவர் மாதிரி நின்றால்தான் பேச முடியும்.

"எது சல்லிசோ அத எடுப்பேன் தம்பி. பில்லு போட்டு முடிக்கறதுக்குள்ள ரெண்டு வார்த்த கேட்டுடலாம்" என்பார்.

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் ஒரு பேரூராட்சி அலுவலகத்தில் நான் அப்போது இளநிலை உதவியாளர். எந்தப் பேரூராட்சி என்பது வேண்டாம். அங்கே சமுதாயக் கூடத்து மாடியில் ஒரு பயிற்சி மையம் நடந்தது. படிப்பை முடித்துவிட்டும் பாதியில் விட்டுவிட்டும் வீட்டில் இருக்கிற பிள்ளைகளுக்குத் தையல், கம்ப்யூட்டர், ஏசி ரிப்பேர் சொல்லிக் கொடுத்து, கடலூர், சிதம்பரம், விருத்தாசலம் பக்கம் வேலையும் வாங்கிக் கொடுப்பார்கள். அதற்கான நிதியை மன்றம் ஒவ்வொரு வருஷமும் தீர்மானம் போட்டு நீட்டிக்க வேண்டும். மார்ச் நெருங்கினால் மையத்தில் இருக்கிற எல்லாரும் தீர்மானம் வருமா என்று எங்களிடம் விசாரிக்க ஆரம்பிப்பார்கள்.

வேலைக்குப் போன பிள்ளை மூன்று மாதம் கழித்தும் ஆறு மாதம் கழித்தும் அங்கேயே இருக்கிறதா என்று பார்த்துப் பதிவேட்டில் எழுதுவது அவருடைய வேலை. உத்தரவில் அதற்குப் பெயர் 'தொடர் கண்காணிப்பு'. பிள்ளைகள் அவரை ஃபாலோ-அப் அக்கா என்றார்கள். நானும் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லியான உடம்பு, கஞ்சி போட்ட காட்டன் புடவை, ஆண்கள் கட்டுகிற பெரிய கைக்கடிகாரம். அவரோடு நடந்தால் நாம் பின்னால்தான் போக வேண்டும். அவ்வளவு வேகம்.

'நேரிலோ தொலைபேசி வழியாகவோ' விசாரிக்கலாம் என்றுதான் உத்தரவு சொன்னது. அவர் போனைத் தொடவே மாட்டார். ஒரு நாள் காரணம் கேட்டேன்.

"போன்ல எல்லாருமே நல்லாத்தான் இருக்காங்க தம்பி" என்றார்.

பஸ் செலவு ஜாஸ்தியாக வருகிறதே, இந்த அம்மா நிஜமாகவே எல்லா இடத்துக்கும் போகிறாரா என்று செயல் அலுவலருக்கு ஒரு சமயம் சந்தேகம் வந்தது. அவரை நாங்கள் ஈ.ஓ. சார் என்போம். ஒரு நாள் கூடப் போய்ப் பார்த்துவிட்டு வா என்று என்னை அனுப்பினார். மேற்பார்வை என்று சொல்லி அனுப்பினாலும் வேவு பார்க்கத்தான் என்பது அக்காவுக்குத் தெரியும். ஆனாலும் பஸ்ஸில் ஜன்னலோர இடத்தை எனக்கு விட்டுக் கொடுத்தார்.

முதலில் கடலூரில் ஒரு ஜவுளிக் கடைக்குப் போனோம். சிறுவர் ஆடைப் பிரிவில் எங்கள் மையத்துப் பெண் நின்றிருந்தாள். எங்களைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"நல்லா இருக்கேங்க்கா. சம்பளம் கரெக்டா வருது. எல்லாரும் நல்லா பேசுறாங்க."

நான் அதோடு போதும் என்று நினைத்தேன். அக்கா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கீழ்த் தட்டில் இருக்கிற ஒரு சட்டையைக் காட்டி, "அது எடும்மா" என்றார். அந்தப் பெண் மேஜையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குனிந்தாள். எழுந்திருக்கும்போது உதட்டைக் கடித்துக்கொண்டாள். அப்புறம்தான் நானும் அவள் காலைப் பார்த்தேன். செருப்பு வார் சதையில் புதைகிற அளவுக்கு வீங்கியிருந்தது.

"உக்கார ஸ்டூலு இல்லியா?"

"இல்லக்கா. கீழ உக்காந்தா சூப்பர்வைசர் பாப்பாரு."

அவர் சூப்பர்வைசரிடம் சண்டைக்குப் போகவில்லை. "சார், அந்தப் பொண்ணு எங்க சென்டர் பொண்ணு. யாவாரம் நல்லா பாக்குதா?" என்று கேட்டார்.

"நல்லா பாக்குதும்மா. கஸ்டமர் அதைத்தான் கேட்டு வர்றாங்க."

"சந்தோஷம் சார். இன்னும் ரெண்டு வருஷம் இங்கியே இருக்கணும்னா அதுக்குக் காலு வேணும். ஒரு தடவ வந்து பாருங்க."

அந்த ஆளுக்குக் கோபம் வந்து அடங்கியது தெரிந்தது. அக்கா ஒரு கைக்குட்டையை வாங்கிக்கொண்டு கிளம்பினார். அங்கிருந்து காடாம்புலியூரில் ஒரு முந்திரிக் கம்பெனி, அப்புறம் திரும்பவும் கடலூரில் ஒரு லேப் என்று சுற்றினோம். எனக்குத் தலை சுற்றி, பண்ருட்டி பஸ் ஸ்டாண்டில் சோடா வாங்கிக் குடித்தேன். மறுநாள் ஈ.ஓ. சாரிடம், "அவுங்க போறாங்க சார்" என்றேன். அந்த ஜவுளிக் கடைக்கு அக்கா அடுத்த மாதமும் அதற்கடுத்த மாதமும் போனார். ஸ்டூல் போட்டிருக்கிறார்களா என்று பார்க்க முதல் தடவை. அவள் அதில் உட்காருகிறாளா என்று பார்க்க இரண்டாம் தடவை. பதிவேட்டில் அதற்கெல்லாம் இடமே கிடையாது.

இன்னொரு பையன். ஏசி ரிப்பேர் படித்தவன். சிதம்பரத்தில் ஒரு சர்வீஸ் சென்டரில் சேர்த்துவிட்டோம். தினமும் காலையில் அம்மா கட்டிக் கொடுக்கிற சோற்றை எடுத்துக்கொண்டு பஸ் ஏறுவான், சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுவான். அக்கா மூன்றாம் மாதம் பார்க்கப் போனபோது, அவன் வேலையை விட்டு ஒரு மாதம் ஆகிறது என்று கடையில் சொன்னார்கள். ஏதோ ஒரு மெஷினைக் கீழே போட்டுவிட்டானாம். எல்லார் முன்னாலும் திட்டியிருக்கிறார்கள். அப்படியானால் தினமும் காலையில் எங்கே போகிறான்?

அக்கா சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் தேடினார், கீழவீதிக் கடைகளில் விசாரித்தார். கடைசியில் ரயில் நிலையத்தில் இரண்டாவது பிளாட்பாரத்தின் கடைசி பெஞ்சில் கண்டுபிடித்தார். மடியில் டிபன் டப்பாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தானாம். அவரைப் பார்த்ததும் எழுந்து ஓடப் பார்த்திருக்கிறான்.

"உக்காருடா. எனக்கும் பசிக்குது" என்று சொல்லி அவன் சோற்றில் பாதியைத் தின்றிருக்கிறார். வீட்டுக்குச் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறார். அடுத்த மூன்று நாளும் போய் அதே பெஞ்சில் அவனோடு உட்கார்ந்திருந்தார். நான்காம் நாள் பரங்கிப்பேட்டைப் பக்கம் ஒரு ஐஸ் கம்பெனியில் ஆள் வேண்டும் என்று தெரிந்து அழைத்துப் போனார். அந்த மாதத்துப் பதிவேட்டில், அவன் பெயருக்கு எதிரே 'வேலையில் இல்லை. ஸ்டேஷனில் இருக்கிறார்' என்று எழுதியிருந்தார். ஈ.ஓ. சார் அதைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

இப்படி எல்லாரையும் தேடிப் போகிறவர் தன்னைப் பற்றி எதுவும் பேசமாட்டார். மத்தியானம் மையத்துப் படிக்கட்டுக்குக் கீழே தனியாக உட்கார்ந்து சாப்பிடுவார். கல்யாணம் ஆனதா இல்லையா என்று அலுவலகத்தில் இரண்டு விதமாகப் பேசிக்கொண்டார்கள். தீபாவளிக்கு முந்தின நாள் நாங்கள் பதினோரு மணிக்கே கிளம்பிவிடுவோம். அவர் பதிவேட்டை விரித்து வைத்துக்கொண்டு, "நான் பூட்டிட்டுப் போறேன், நீங்க போங்க" என்பார். நாங்களும் போய்விடுவோம்.

ஒரு வருஷம் பிப்ரவரி கடைசியில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. முதல் நாள் வரவில்லை என்றதும் நான் போன் செய்தேன். "ஒன்னும் இல்லப்பா, லேசா காய்ச்சல். நல்லா இருக்கேன்" என்றார். இரண்டாம் நாளும் அதேதான் சொன்னார். நான் நம்பினேன். இவரே எனக்குச் சொல்லிக் கொடுத்த விஷயம் அப்போது என் மனசில் வரவே இல்லை.

நான்காம் நாள் அவர் வீட்டுக்குப் போனேன். அவரைப் பார்க்கப் போனேன் என்று சொன்னால் பொய். அடுத்த வாரம் மன்றக் கூட்டம். நிதியை நீட்டிக்கும் தீர்மானத்தோடு பதிவேட்டை வைக்க வேண்டும். பதிவேடு அவரிடம் இருந்தது.

கடலூர் பழைய நகரத்தில் ஒரு மாடி போர்ஷன். கீழ்வீட்டு அம்மா, "மூணு நாளா தண்ணி புடிக்கக்கூட எறங்கல. இன்னிக்குக் கதவத் தட்டலாம்னு இருந்தேன்" என்றார். கதவு தாழ் போடாமல்தான் இருந்தது. பாயில் சுருண்டு கிடந்தார். உதடு வெடித்திருந்தது. பக்கத்தில் ஒரு சொம்பில் தண்ணீர், ஒரு பிஸ்கட் பாக்கெட், கைக்கெட்டும் தூரத்தில் போன். என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தார், முடியவில்லை. நான் எதுவும் கேட்பதற்கு முன்னால், "ரிஜிஸ்டர் டிவி மேல இருக்குது தம்பி" என்றார்.

ஆட்டோ பிடித்து அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். கீழ்வீட்டு அம்மா துணைக்கு வந்தார். சேர்க்கிற சீட்டில் உறவு முறை என்ன என்று கேட்டார்கள். தம்பி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். டெங்கு, நல்ல நேரத்தில் கொண்டுவந்தீர்கள் என்று டாக்டர் சொன்னார். நான் பதிவேட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலுவலகத்துக்குத் திரும்பினேன்.

ஈ.ஓ. சார் பதிவேட்டைப் புரட்டினார். புரட்டப் புரட்ட முகம் மாறியது. வேலைக்குப் போனவர்களில் பாதிப் பேருக்கு மேல் அந்த இடத்தில் இல்லை. ஒருத்தி கல்யாணமாகிப் போய்விட்டாள், ஒருத்தன் திருப்பூருக்குப் போய்விட்டான், இருவர் சும்மா வீட்டில் இருக்கிறார்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஏன் என்பதையும் எழுதியிருந்தார். பஸ் கடைசி டிரிப் நின்றுபோனது, மேனேஜர் பேசுகிற விதம் சரியில்லை, அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனது என்று.

"இத மன்றத்துல வெச்சா என்ன ஆவும் தெரியுமா?" என்றார் ஈ.ஓ. "பாதிப் பேரு நிக்கலன்னா எதுக்குப் பணம்னு கேப்பாங்க. சென்டரயே மூடிடுவாங்க. நீ உக்காந்து எல்லாருக்கும் போன் போடு."

இரண்டு மத்தியானம் உட்கார்ந்து போன் போட்டேன். எல்லாரும் நல்லா இருக்கேன் சார் என்றார்கள். வேலைக்குப் போறியாம்மா என்றால், போறேன் சார். எங்கே என்று நான் கேட்கவில்லை. என் பட்டியல் அழகாக வந்தது. அதை வைத்துத் தீர்மானக் குறிப்பையும் நானே எழுதினேன். செலவைக் குறைத்துக் காட்டினால் உறுப்பினர்கள் சீக்கிரம் ஒத்துக்கொள்வார்கள் என்றார் ஈ.ஓ. எதைக் குறைப்பது என்று அவர் சொல்லவில்லை. 'தொடர் கண்காணிப்பைத் தொலைபேசி வழியாக அலுவலகமே மேற்கொள்ளலாம் என்பதால் அதற்கெனத் தனிப் பணியாளர் தேவைப்படவில்லை' என்ற வரியை எழுதியது நான். என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. மையத்துக்கு நிதி நீட்டிப்பு கிடைத்தது. அக்கா அன்றைக்கும் ஆஸ்பத்திரியில்தான் இருந்தார்.

மார்ச் கடைசியில் உடம்பு தேறி வந்தார். புடவை அவர் மேல் நிற்காமல் வழிந்தது. விஷயத்தை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. ஈ.ஓ. சார் கூட்டம் என்று கடலூருக்குப் போய்விட்டார்.

"சென்டர் இருக்குதுல்ல?" என்று கேட்டார்.

"இருக்குதுக்கா. வருஷம் பூரா இருக்குது."

"அப்ப சரி."

பிறகு என் பட்டியலைக் கேட்டு வாங்கினார். நின்றுகொண்டே விரலை வைத்து ஒவ்வொரு பெயராகப் படித்தார். ஒரு பெயரில் நிறுத்தினார். மங்கலம்பேட்டையில் ஒரு மருந்துக் கடையில் சேர்த்துவிட்ட பெண்.

"இந்தப் பொண்ணுகிட்ட பேசுனியா?"

"பேசினேன்க்கா. நல்லா இருக்கேன்னுச்சு."

"கொரலு எப்படி இருந்துச்சு?"

எனக்கு ஞாபகம் இல்லை. அன்றைக்கு எத்தனையோ குரல். அவர் அந்தப் பெயரிலிருந்து விரலை எடுத்தார். அப்புறம் பட்டியலை மடிக்காமல் மேஜை மேல் வைத்துவிட்டு, பையை எடுத்து மாட்டிக்கொண்டார். விருத்தாசலம் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார். அவர் வேலை அன்றோடு முடிந்திருந்தது. ஆனாலும் அவர் மங்கலம்பேட்டைக்குத்தான் போனார் என்பது எனக்குத் தெரியும். அங்கே என்ன பார்த்தார் என்று தெரியாது. அதை எழுதிக் கொடுக்கப் பதிவேடு இல்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மார்ச்சிலும் என் பழைய குறிப்பையே எடுத்துத் தேதியை மாற்றித் தீர்மானம் போட்டார்கள். நான் எழுதிய வரி அப்படியே இருந்தது. எனக்குப் பதவி உயர்வு வந்து, வேறு இரண்டு ஊர் சுற்றி, மறுபடியும் அதே அலுவலகத்துக்குத் தலைமை எழுத்தராக வந்தேன். ஈ.ஓ. மாறி ஓர் அம்மா வந்திருந்தார். பிள்ளைகள் நிற்கிறார்களா என்று யாருக்குமே தெரியாதா என்று முதல் வாரத்திலேயே கேட்டார். நான் அந்த வரியை எடுத்துவிட்டுப் பணியிடத்தை மறுபடி சேர்த்துக் குறிப்பு எழுதினேன். கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அக்கா அண்ணாமலை நகரில் இருப்பதாக மையத்தில் படித்த ஒரு பெண் சொன்னாள். ஒரு சனிக்கிழமை போனேன். கல்லூரிப் பெண்கள் தங்குகிற ஒரு லாட்ஜில் காவல் வேலை. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மோட்டார் போட்டுவிட்டு டேங்க் நிரம்புகிறதா என்று மேலே பார்த்துக்கொண்டிருந்தார். தலை நன்றாக நரைத்திருந்தது. என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். உள்ளே போய் டீ போட்டு எடுத்து வந்தார். நடக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டார்.

டீயைக் குடித்து முடிக்கும் வரை வேறு என்னென்னவோ பேசினேன். பிறகு, "அக்கா, அன்னிக்கி அந்த வரிய எழுதுனது நான்தான்" என்றேன்.

"போன்லயே பாத்துக்கலாம்னு எழுதின வரியா?"

"ஆமாங்க்கா."

"தெரியும். நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருந்தாங்களே, படிச்சேன். ஈ.ஓ. சாரு எழுதியிருந்தா நாலு மேற்படி வந்திருக்கும். அது உன் தமிழு." அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

பணியிடம் திரும்ப வருவதைச் சொன்னேன். நீங்கள்தான் வர வேண்டும் என்றேன்.

"முட்டி போயிட்டுதுப்பா. பஸ்ல அந்த முதல் படியே ஏற முடியல. சின்ன ஆளா போடு." எழுந்து மோட்டாரை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். "வர்ற ஆள ஒரு நாளு இங்க அனுப்பு. சொல்லிக் குடுக்க ஒன்னும் இல்ல. சும்மா ஒக்காந்து பேசிக்கிட்டு இருக்கலாம்."

அனுப்புகிறேன் என்றேன். ஒரு பெண் சாவி கேட்டு வந்தாள். அவர் எழுந்து உள்ளே போனார். நான் கிளம்பினேன்.

தீர்மானம் நிறைவேறி, விளம்பரம் கொடுத்து, நேர்காணல் நடத்தி ஆள் எடுக்க நான்கு மாதம் ஆனது. வந்தவள் எங்கள் மையத்திலேயே கம்ப்யூட்டர் படித்த பெண். எதைச் சொன்னாலும் நோட்டில் குறித்துக்கொள்வாள். வேலையில் சேர்ந்த இரண்டாம் நாள் அவளை அழைத்துக்கொண்டு அண்ணாமலை நகருக்குப் போனேன். வாசலில் வேறொரு அம்மா உட்கார்ந்திருந்தார்.

லாட்ஜ் உரிமையாளர் உள்ளேயிருந்து வந்தார். "அவுங்களா? புள்ளைங்களுக்கு லீவு விட்டப்பவே சொல்லிக்கிட்டுப் போயிட்டாங்களே. ஊருக்குப் போறேன்னாங்க."

"எந்த ஊருக்கு?"

"ஊருக்குன்னுதான் சொன்னாங்க. நான் கேட்டுக்கல."

என்னிடம் இருந்த நம்பருக்கு அங்கேயே நின்று போட்டேன். உபயோகத்தில் இல்லை என்றது. அலுவலகத்துக்கு வந்து பழைய கோப்பைத் தேடி எடுத்தேன். முகவரி என்று இருந்த இடத்தில் கடலூர் பழைய நகரத்து வாடகை போர்ஷன் மட்டும் இருந்தது. அங்கேயும் ஆள் அனுப்பிப் பார்த்தாயிற்று. வீட்டையே இடித்துக் கட்டிவிட்டார்களாம்.

அந்தப் பெண் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு என் மேஜைக்கு எதிரே நின்றாள்.

"சார், அவுங்க சொந்த ஊரு எதுன்னு சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை நான் போய்ப் பாத்துட்டு வர்றேன்."

அவரோடு ஏழு வருஷம் வேலை பார்த்திருக்கிறேன். எனக்குத் தெரியாதும்மா என்று அவளிடம் சொன்னேன்.